எர்த்சீயைத் திரையில் பார்த்து வந்த கோபம்

மேலோட்டமாகப் பார்த்தால், புத்தகத்தை நேசித்தவர் படத்தைப் பார்த்துக் கோபப்படுவது சரியா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களோடு சேர்த்துப் படித்தால் கேள்வி அதுவல்ல. எர்த்சீ என்ற கற்பனைத் தீவுலகில் நடப்பதாக அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' என்ற மாயக்கதை நாவலைக் கிளை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்திருக்கிறீர்கள். அதன் நாயகனான கெட் என்ற மந்திரவாதிச் சிறுவனை, காசிமேட்டில் உங்கள் வீட்டுக்கு எதிரே வலை பழுது பார்க்கும் பையன்களில் ஒருவனாகவே மனத்தில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு 2004-இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது திரையில் ஒரு வெள்ளை இளைஞன் நின்றான். பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நண்பர்கள் "புத்தகம் வேறு, படம் வேறு, நிறத்தில் என்ன இருக்கிறது" என்கிறார்கள். இப்போது நாவலைத் திறந்தால் அந்த நடிகரின் முகம்தான் முன்னே வருகிறது என்றும் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். ஆக, உங்களிடமிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டுபோனவர்கள் மீது கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டா, போனது திரும்புமா என்பதுதான் கேள்வி என்று புரிந்துகொள்கிறேன்.

உரிமை உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துக் காட்டுவதுதான் என்னால் செய்யக்கூடிய உதவி.

நான் ராயபுரத்தில் வசிப்பவன். தொலைக்காட்சித் தொடர்களுக்கும் சில படங்களுக்கும் கதை விவாதங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி நாவல்களையும் சிறுகதைகளையும் திரைக்கதையாக மாற்றும் வேலை. வார இறுதிகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதைகள் படிப்பதும் உண்டு. எர்த்சீ வரிசையை அவர்களோடுதான் முழுமையாகப் படித்தேன். ஆகவே வெட்டுகிறவர்களின் பக்கமும் எனக்குத் தெரியும், வெட்டுப்பட்டதைப் பார்த்து முகம் வாடுகிற வாசகரின் பக்கமும் தெரியும்.

முதலில், கோபப்பட்டுப் பயனில்லாத இடங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். இது உலகம் முழுவதும் புழங்கும் தோராயக் கணக்கு. நாவலில் ஒரு பக்கத்தை மூன்று நொடியில் காட்டிவிடவும் முடியும், ஒரே ஒரு வாக்கியத்துக்கு நான்கு காட்சிகள் தேவைப்படவும் கூடும். அதிலும் லெ குவின் எழுதும் முறை திரைக்கு மிகக் கடினமானது. அவர் உரையாடலை அதிகம் நம்புவதில்லை. பழங்கதை சொல்லும் குரலில், தூரத்திலிருந்து, பல மாதங்களை ஒரு பத்தியில் கடந்துபோவார். கெட்டின் கர்வம் எப்படி வளர்ந்தது, பயம் எப்படி அவனைத் தின்றது என்பதையெல்லாம் அந்தக் குரல்தான் நமக்குச் சொல்கிறது. கேமராவுக்கு அந்தக் குரல் கிடையாது. பின்னணியில் ஒருவரைப் பேசவைக்கலாம். ஆனால் படம் முழுக்கப் பேசவைத்தால் அது ஒலிச்சித்திரமாகிவிடும். ஆகவே சிலவற்றைச் சேர்ப்பார்கள், சிலரை ஒன்றாக்குவார்கள், பலவற்றை விடுவார்கள். இது தவிர்க்க முடியாதது.

எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். தன் கர்வத்தால் தானே உலகில் அவிழ்த்துவிட்ட நிழலைத் துரத்திக்கொண்டு கெட் கடலில் போகும்போது ஒரு கிழ மீனவரிடமிருந்து படகு வாங்குகிறான். விலையாக அவருடைய கண்ணை மறைத்திருந்த புரையைக் குணப்படுத்துகிறான். பார்வை திரும்பிய பெரியவர், படகுக்கு லுக்ஃபார் என்று பெயர் வைக்கும்படியும், அதன் முகப்பில் இரண்டு பக்கமும் கண்களை வரையும்படியும் கேட்டுக்கொள்கிறார். தன் நன்றி அந்த மரத்துக்குள்ளிருந்து அவனுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் என்கிறார். படகின் முகப்பில் பெயரும் படமும் எழுதுவதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் இதைக் கதை விவாதத்தில் வைத்தால் முதல் கேள்வி "இந்த சீன் கதையை நகர்த்துகிறதா" என்பதாகத்தான் இருக்கும். நகர்த்தவில்லை. எடுத்துவிடுவார்கள். எனக்கு அது வலிக்கும், ஆனால் எடுத்தவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, கோபத்துக்கு முழு நியாயமும் உள்ள இடம். எந்தக் கதையையும் விவாதத்துக்கு எடுக்கும்போது நாங்கள் முதலில் அதன் ஒன்லைனை எழுதுவோம். இந்த நாவலின் ஒன்லைன் இதுதான்: கர்வத்தால் ஒரு சிறுவன் தன் நிழலை உலகில் அவிழ்த்துவிடுகிறான், அதற்குப் பயந்து ஓடுகிறான், ஓகியன் என்ற குரு சொன்னபின் திரும்பி நின்று அதைத் துரத்துகிறான், கடைசியில் அதைத் தன் சொந்தப் பெயரால் அழைத்துத் தழுவிக்கொள்கிறான். கதையில் எதிரி என்று வெளியே யாரும் இல்லை. யாரையும் கொன்று எதுவும் தீர்வதில்லை. 1968-இல், இளம் வாசகர்களுக்கான மாயக்கதையில், போரே இல்லாமல் ஒரு முடிவை எழுதியது பெரிய துணிச்சல். 2004 படம் இந்த நாவலையும் 1971-இல் வந்த இரண்டாவது நாவலான 'தி டூம்ஸ் ஆஃப் ஆட்டுவான்' கதையையும் ஒன்றாகப் பின்னி, சாகாவரம் தேடும் ஓர் அரசனைப் புதிதாக வில்லனாக்கி, போரைக் கொண்டுவந்தது. இரண்டு நாவல்களைச் சேர்த்ததை நான் மன்னிப்பேன். வில்லனைச் செய்ததை மன்னிப்பது கடினம். நாவல் எழுப்பிய கேள்வியே அந்த அரசனின் வருகையோடு காணாமல் போய்விட்டது.

இன்னொன்றும் செய்தார்கள். எர்த்சீ உலகில் ஒவ்வொருவருக்கும் ஊரறிந்த பெயர் ஒன்று, உயிருக்கு நிகராகக் காக்கும் மெய்ப்பெயர் ஒன்று. மெய்ப்பெயர் தெரிந்தவருக்கு அந்த ஆள் வசப்படுவார். அதனால் நண்பன் வெட்ச் தன் மெய்ப்பெயரை கெட்டிடம் சொல்லும்போது நட்பின் முழு எடையும் அந்த ஒரு நொடியில் இறங்குகிறது. ஊர் நம் நாயகனை ஸ்பாரோஹாக் என்று அழைக்கிறது. கெட் என்பதுதான் மறைத்துவைத்த பெயர். படத்தில் இரண்டையும் தலைகீழாக்கி, எல்லாரும் கெட், கெட் என்று கூப்பிடும்படி செய்துவிட்டார்கள். பட்ஜெட்டோ நேரமோ இந்த மாற்றத்தைக் கேட்கவில்லை. கதையின் அச்சாணி எதுவென்று கவனிக்காமல் கை வைத்ததாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

இனி நிறம். உங்கள் நண்பர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான், இதில் நான் கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன். நாவலில் தீவுக்கூட்டத்து மக்களில் பெரும்பாலோர் செம்பழுப்பு நிறத்தவர், கெட்டும் அப்படித்தான். வெட்ச் அவனைவிடக் கறுத்தவன். வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் கொண்டவர்கள் கார்கட் தீவினர். முதல் அத்தியாயத்தில் கெட்டின் ஊரைக் கொள்ளையடிக்க வருவது அவர்கள்தான். ஆனால் கெட்டின் நிறத்தை லெ குவின் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறார். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் வெட்சை அறிமுகம் செய்யும்போது, அவன் கெட்டைப் போலச் செம்பழுப்பாக இல்லாமல் இன்னும் கறுப்பாக இருந்தான் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். இதைத் திட்டமிட்டே செய்ததாக அவர் பின்னாளில் எழுதினார். வெள்ளைக்காரச் சிறுவர்கள் பழுப்பு நாயகனோடு உடனே ஒன்றமாட்டார்களோ என்று நினைத்து, அவர்கள் முதலில் கெட்டின் தோலுக்குள் புகுந்துவிடட்டும், அது வெள்ளைத் தோல் அல்ல என்று பிறகு கண்டுகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்.

எழுத்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. கேமராவால் முகத்தின் நிறத்தைத் தள்ளிப்போட முடியாது. முதல் பிரேமிலேயே தெரிந்துவிடும். ஆக, அந்த ஆச்சரியம் திரையில் போவது திரையின் இயல்பு. அதற்கு யாரும் பொறுப்பில்லை. அந்த நாயகனை வெள்ளையாக்கியது மட்டும் தேர்வு. நாவலில் யார் கதையின் நடுவில் நிற்கிறார்கள், யார் விளிம்பிலிருந்து வருகிறார்கள் என்ற ஏற்பாட்டையே அது புரட்டிப்போடுகிறது. முக்கியமான ஆண் பாத்திரங்களில் வெள்ளையரல்லாதவர் ஓகியனாக வந்த டானி குளோவர் ஒருவர்தான். படம் ஒளிபரப்பான அதே டிசம்பரில் லெ குவின் இதைக் கண்டித்து வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். நிறத்தைப் பார்ப்பதில்லை என்று சொல்லும் வசதி வெள்ளையர்களுக்குத்தான் இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை என்பது அதில் அவர் சொன்னதன் சாரம். மாயக்கதைகளில் தங்களுக்கும் இடமிருக்கிறது என்று உணரவைத்தவை எர்த்சீ நாவல்கள்தான் என வெள்ளையரல்லாத வாசகர்கள் தமக்குச் சொன்னதையும் அதில் குறிப்பிடுகிறார். அட்டைப்படங்களில்கூட கெட்டை வெள்ளையாக்காமல் இருக்கப் பதிப்பகங்களோடு போராடி, பெரும்பாலும் தோற்றதாகவும் எழுதியிருக்கிறார். நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களிடம், ஒன்றுமில்லை என்றால் மாற்றாமல் விட்டிருக்கலாமே என்று கேளுங்கள்.

நம் ஊரில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை என்னோடு கதை படிக்கும் பிள்ளைகளிடம் பார்த்தேன். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் பிறந்து வளர்ந்தவர்கள், முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்துவிட்டு கெட்டை வரையச் சொன்னபோது, பெரும்பாலோர் கூர்மூக்கும் வெளிறிய முகமுமாக ஓர் ஆங்கிலேயப் பையனை வரைந்தார்கள். மந்திரவாதிச் சிறுவன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று அவர்கள் பார்த்த படங்கள் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. வெட்ச் வரும் பக்கத்தை அடைந்ததும் ஒரு பெண் மட்டும் எழுந்து தன் தாளை வாங்கிக்கொண்டு போய் முழு முகத்தையும் பழுப்பாக்கினாள். லெ குவின் வெள்ளைக் குழந்தைகளுக்காக வைத்த பொறி நம் குழந்தைகளுக்கும் தேவைப்பட்டது. இதை வைத்துத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தது சின்னக் கூட்டம். ஆனால் நீங்கள் யாரும் சொல்லாமலே கெட்டுக்குக் காசிமேட்டு முகத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அது சாதாரணமான விஷயமல்ல. அதைப் பிடுங்கியவர்கள் மீது கோபம் வராவிட்டால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

இது அமெரிக்கக்காரர்கள் மட்டும் செய்யும் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கடற்கரைக் கதையைத் தொடராக்கும் விவாதத்தில் நானே இருந்தேன். மூலக்கதையில் நாயகி வெயிலில் கருவாடு காயவைக்கும் பெண். அவளுடைய கறுப்பைப் பற்றி அவள் கணவன் வீட்டார் பேசும் பேச்சுதான் கதையின் முதல் முடிச்சு. தயாரிப்புத் தரப்பில் சிவந்த முகம் ஒன்றை முடிவு செய்துவிட்டு, மேக்கப்பில் கறுப்பாக்கிக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டாவது வாரத்தில் அந்த மேக்கப்பும் வெளிறத் தொடங்கியது. கணவன் வீட்டார் பேசிய வசனங்களுக்கு அர்த்தமே இல்லாமல் போனது. அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. எல்லாரும் வழக்கத்தையே பேசினார்கள். 2004 படக்குழுவின் மனத்தில் என்ன இருந்தது என்பதை வெளியிலிருந்து என்னால் தீர்ப்பாகச் சொல்ல இயலாது. ஆனால் இந்த மாதிரி முடிவுகள் பெரும்பாலும் பகையால் எடுக்கப்படுவதில்லை, யாரும் கேள்வி கேட்காததால் எடுக்கப்படுகின்றன என்பது என் அனுபவம். அப்படி இருந்தாலும் விளைவு மாறப்போவதில்லை.

எழுத்தாளரே உரிமையை விற்றுவிட்டாரே, பிறகு வாசகர் பேச என்ன இருக்கிறது என்றும் உங்களிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். சட்டப்படி அது சரிதான். லெ குவினுக்கு ஆலோசகர் என்ற இடம் ஒப்பந்தத்தில் இருந்தது, ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. உலகமெங்கும் வாசகர்களுக்குப் பழகிப்போன பாத்திரங்களை இவ்வளவு மாற்றுவது நல்லதல்ல என்று அவர் சொல்ல முயன்றபோது, திரைக்கதையை அனுப்பிவைத்து, தயாரிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று தெரிவித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் அவர் பொதுவெளியில் பேசாமல் இருக்கவே முயன்றார். ஆனால் படத்தின் இயக்குநர் தம் பேட்டியில் லெ குவினின் நோக்கத்தைப் பற்றிப் பேசியதும், என் நோக்கத்தை என் சார்பில் இவர் சொல்வதா என்று மறுத்து எழுதினார். படத்தை எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, இதுதான் மூலநூலின் மனம் என்று சொல்ல உரிமை இல்லை. இந்தக் கோடு எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது.

அடுத்த ஆண்டுகளில் நடந்தது வேறு மாதிரி. ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி 2006-இல் எர்த்சீயை அனிமேஷன் படமாக எடுத்தது. அதன் புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகி இயக்குவார் என்று நம்பித்தான் லெ குவின் சம்மதித்தார். கடைசியில் இயக்கியது அவருடைய மகன் கோரோ. அது பெரும்பாலும் மூன்றாவது நாவலான 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' கதையை எடுத்துக்கொண்டு, நான்காவதான 'டெஹானு'விலிருந்தும் சிலரைச் சேர்த்துக்கொள்கிறது. இளவரசன் ஆரன் தன் தந்தையைக் கொன்றுவிட்டு ஓடுவதோடு படம் தொடங்குகிறது. நாவலில் அப்படி எதுவும் இல்லை. கெட்டுக்குரிய நிழலை ஆரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த லெ குவினிடம் கோரோ, பிடித்ததா என்று கேட்டாராம். ஆம், இது என் புத்தகம் அல்ல, உங்கள் படம், நல்ல படம் என்று அவர் பதில் சொன்னார். இந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டுதான் பலரும், பார்த்தீர்களா, எழுத்தாளரே பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார், வாசகர்கள்தான் குதிக்கிறார்கள் என்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் எழுதியதையும் படிக்க வேண்டும். அந்தத் தனிப்பட்ட பதில் வெளியே பரப்பப்பட்டதால், முழுக் கருத்தையும் எழுதவேண்டிய கட்டாயம் அவருக்கு வந்தது. தீமையை ஒரு மந்திரவாதியின் வடிவில் வெளியே நிறுத்தி, அவனைக் கொன்றதும் எல்லாம் சரியாகிவிடுவதாகக் காட்டியது தம் நாவல்களின் இயல்புக்கு எதிரானது என்றார். தந்தைக் கொலைக்குக் காரணமே இல்லை என்றார். அதே நேரம், நிலத்தை உழுவது, தண்ணீர் இறைப்பது, மாடுகளைக் கட்டுவது போன்ற அமைதியான காட்சிகளில் தம்முடைய எர்த்சீயை அடையாளம் கண்டதாகவும் எழுதினார். இரண்டு நாட்டுப் படக்குழுவினரும் இந்த நாவல்களைப் பெயர்களும் சில கருத்துகளும் வெட்டியெடுக்கும் சுரங்கமாகவே பயன்படுத்தினார்கள் என்றும், அது புத்தகங்களுக்கு மட்டுமல்ல, அவற்றின் வாசகர்களுக்கும் காட்டிய மரியாதைக் குறைவு என்றும் சொன்னார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கோபத்தை அந்த நாவலை எழுதியவரே அங்கீகரித்திருக்கிறார். ஒரு கலைஞனின் உழைப்பை நேரில் கண்டு மதிப்பதும், தன் கதைக்கு நேர்ந்ததைத் தெளிவாகக் கண்டிப்பதும் ஒரே மனத்தில் சேர்ந்து இருக்க முடியும் என்று அவர் காட்டினார்.

முகம் திரும்புமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், அதுவும் தொழில் அனுபவத்திலிருந்து. நடிகர் முடிவானபின் மூலக்கதையைத் திரும்பப் படித்தால் எங்களுக்கும் அந்த நடிகர்தான் தெரிவார். பாத்திரத்தின் பழைய முகம் போய்விட்டது என்றே தோன்றும். ஆனால் படத்தில் எடுக்காத பகுதிகளைப் படிக்கும்போது அந்த நடிகர் மெல்ல நழுவிவிடுவார். அந்த இடங்களில் அவருடைய குரலோ நடையோ நமக்குக் கொடுக்கப்படவில்லை, ஆகவே மனம் தானாக வேலை செய்யத் தொடங்குகிறது. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. எனக்கும் என்னோடு வேலை செய்த சிலருக்கும் நடந்திருக்கிறது.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939-இல் மாயக்கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அது பின்னர் கட்டுரையாக வந்தது. ஒருவன் குன்றின்மேல் ஏறிக் கீழே ஓர் ஆற்றைப் பார்த்தான் என்று கதை சொன்னால், ஓவியர் ஒரு குன்றைத்தான் வரைய முடியும். கேட்பவர் ஒவ்வொருவரும் தாம் பார்த்த எல்லாக் குன்றுகளிலிருந்தும் ஆறுகளிலிருந்தும், முக்கியமாகத் தமக்கு முதன்முதலில் ஆறு என்று அறிமுகமான அந்த ஆற்றிலிருந்தும், தம் சொந்தக் காட்சியைச் செய்துகொள்கிறார்கள் என்று அதில் விளக்குகிறார். எனக்கு ஆறு என்றால் இன்றும் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு சேரும் கொசஸ்தலைதான், அதன்மேல் அனல்மின் நிலையத்துப் புகையோடு சேர்த்து. உங்களுக்குக் கடல் என்றால் மீன்பிடித் துறைமுகத்தின் டீசல் வாடையும் விடியற்காலை ஏலச் சத்தமும் சேர்ந்ததாகத்தான் இருக்கும். நடிகர் முகத்தை மாற்றிவிடலாம். அந்தக் கடலை யாரும் உங்களுக்குப் பதில் பார்த்துக் கொடுக்க முடியாது. ஆகவே முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள். கெட் கடலில் தனியாக நிழலைத் துரத்தத் தொடங்கும் கடைசி அத்தியாயங்களை முதலில் படியுங்கள். படகும் காற்றும் பனியும் பசியும்தான் அங்கே அதிகம், முகத்துக்கு வேலை குறைவு. வாடைக்காற்றில் கடலுக்குப் போனவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு பக்கத்தை அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்காட்டி, இப்படி நடக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்களோடு சேர்ந்து கெட்டின் முகமும் வரக்கூடும்.

கடைசியாக, ஜப்பானியப் படத்தைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பார்க்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். 'தி டூம்ஸ் ஆஃப் ஆட்டுவான்', 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்', 'டெஹானு' மூன்றையும் இதே வரிசையில் முடித்துவிட்டுப் பாருங்கள். 1990-இல் வந்த 'டெஹானு'வை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். மந்திரம் போய்விட்ட கெட் அதில் ஆடு மேய்க்கிறான், அந்த மாற்றத்தை ஏற்க உங்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். படம் 115 நிமிடம். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, சப்டைட்டிலோடுதான் பார்த்தேன், அதனால் வசனத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுகிறேன். கதையை நாவலோடு ஒப்பிட்டுக்கொண்டே பார்த்தால் முதல் பத்து நிமிடத்திலேயே எழுந்துவிடுவீர்கள். இரண்டாவது நாவலின் நாயகியான டெனாரின் பண்ணை வீடு வரும்வரை பொறுத்திருங்கள், கெட்டும் ஆரனும் ஏர் பிடிக்கும் காட்சிகள் அதன் பிறகுதான் வருகின்றன.